கேம் ஆடும்போது பிராசஸரின் வேகம் ஏன் ஏறி இறங்குகிறது?

கத்திரி வெயிலில் செங்கல்பட்டு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவருக்கு இந்தப் பயம் வரும். பிராசஸர் வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது, கண்ணிமைப்பதற்குள் 4.2. வோல்டேஜும் கூடவே ஆடுகிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கேமில் வேலை ஒரே சீராக வருவதில்லை. கூட்டமான சண்டைக் காட்சியில் பிராசஸரின் பல கோர்கள் மும்முரமாக ஓடும். மெனுவுக்குப் போனால் ஓய்ந்துவிடும். வேலைக்கேற்ப வேகத்தை பிராசஸரே நொடிக்குப் பலமுறை மாற்றுகிறது.

வோல்டேஜ் ஏன் மாற வேண்டும்? டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூட அதிக வோல்டேஜ் தேவை. அதற்கு விலையும் உண்டு: மின்செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். 1 வோல்ட்டில் 4 கிகாஹெர்ட்ஸ் ஓடுவது 1.3 வோல்ட்டில் 5 ஆனால், செலவு இரு மடங்கைத் தாண்டும். அத்தனையும் வெப்பம். பல இன்டெல் பிராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் அறைக் காற்றைவிடக் குளிராகாது. அறையே 36 டிகிரி என்றால் எல்லை சீக்கிரம் வரும். மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்பு ஈரம் வேறு தூசியை ஃபேனில் அப்பிவிடுகிறது.

ஆட்டத்தின் நடுவே வேகம் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கி, வெப்பம் 95-க்கு மேலேயே நின்றால் மட்டும் கவனியுங்கள். முதலில் ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள்.