பக்கவாதத்திற்குப் பிந்தைய கைப்பயிற்சியில் ரோபோ: எதிர்பார்ப்பும் சான்றும்

முன்னுரை

பக்கவாதத்தால் மூளையின் ஒரு பக்கம் சேதமுறும்போது உடலின் எதிர்ப்பக்கக் கையும் காலும் வலுவிழக்கின்றன. இழந்த அசைவு மீள, எஞ்சிய நரம்புகள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே அசைவை நோயாளி தாமே முயன்று பலமுறை செய்தல் தேவை. ஒவ்வோர் அமர்விலும் நூற்றுக்கணக்கான முறை கையைத் தாங்கிப் பயிற்றுவிப்பது இயன்முறை மருத்துவருக்கு அரிது. இக்குறையைப் போக்கவே மறுவாழ்வு ரோபோக்கள் தோன்றின.

செயற்படும் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் உருவாக்கிய 'எம்.ஐ.டி.-மானஸ்' இத்துறையின் முன்னோடிக் கருவியாகும். நோயாளி மேசைமுன் அமர்ந்து, கருவியோடு பிணைக்கப்பட்ட கையைத் திரையில் தோன்றும் இலக்கை நோக்கி நகர்த்துகிறார். தொழிற்சாலை ரோபோ வகுத்த பாதையை விட்டு விலகுவதில்லை. இக்கருவியோ சுருள்வில்லைப் போல் நெகிழ்ந்து கொடுக்கிறது. கை தானாக நகர்ந்தால் குறுக்கிடுவதில்லை. தயங்கும்போது மட்டும் உந்துகிறது. உதவி மிகுந்தால் முயற்சி குறையும் என்பதே இவ்வடிவமைப்பின் அடிப்படை.

ஆய்வுச் சான்றுகள்

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளியானது. பக்கவாதம் ஏற்பட்டு ஆறு மாதங்கள் கடந்தோர்க்கு 12 வாரங்களில் 36 அமர்வுகள் அளிக்கப்பட்டன. 12ஆம் வார இறுதியில், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட ரோபோப் பயிற்சி பெற்றோர் குறிப்பிடத்தக்க மேம்பாடு காட்டவில்லை. 36ஆம் வாரத்தில் சிறிதளவு மேம்பாடு தெரிந்தது. எனினும், அதே செறிவில் பயிற்சியாளர் நேரில் அளித்த பயிற்சியை ரோபோ விஞ்சவில்லை. எனவே பயனுக்குக் காரணம் கருவியன்று, பயிற்சியின் செறிவே எனக் கருத இடமுண்டு.

பிரிட்டனில் 770 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்த 'ராட்டல்ஸ்' ஆய்வு 2019இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ரோபோப் பயிற்சியால் கையின் அசைவுத்திறன் ஓரளவு உயர்ந்தபோதும், கையைப் பயன்படுத்திச் செயலாற்றும் திறன் வழக்கமான சிகிச்சையைவிட மேம்படவில்லை.

அசைவும் செயலும்

இவ்வேறுபாடு கருதத்தக்கது. கையை இலக்குவரை நீட்டுதல் ஓர் அசைவு. நீர் நிறைந்த குவளையைச் சிந்தாமல் எடுத்துப் பருகுதல் ஒரு செயல். பின்னதற்கு நீட்டுதலோடு பற்றுதல், எடையறிந்து விசையை அளவிடுதல், விடுவித்தல் ஆகியனவும் ஒருங்கிணைய வேண்டும். முன்னதில் பெற்ற தேர்ச்சி பின்னதற்குத் தானாகக் கடந்து செல்வதில்லை.

முடிவுரை

மறுவாழ்வு ரோபோ பயிற்சியின் அளவைப் பெருக்கும் துணைக்கருவியே, பயிற்றுநருக்கு மாற்றன்று. நோயாளி வேண்டுவது தம் கையால் உண்ணவும் உடுத்தவும் இயலும் வாழ்வையே. ஆதலின், இத்தகைய கருவியை வாங்க முனையும் மருத்துவமனைகள் அசைவுகளின் எண்ணிக்கையைவிட, அன்றாடச் செயல்களில் விளையும் மாற்றத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.