பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணியை நிறுத்தலாமா?

பிள்ளைக்கு வயித்தால போனால், "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று நம்ம வீடுகளில் சொல்வது உண்டு. இது தவறு. பேதியில் உடம்பிலுள்ள தண்ணியும் உப்பும் வெளியேறிவிடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால்தான் உயிருக்கே ஆபத்து.

1971-ல் மேற்கு வங்காளத்தில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து போதாத நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அதே வழிதான்.

கரைப்பது எப்படி?

கொதித்து ஆறிய தண்ணியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு எடுத்து, முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் தண்ணியில் தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடவே கூடாது.

கொடுப்பது எப்படி?

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குள் கால் முதல் அரை டம்ளர். அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கணும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. நர்ஸம்மா தரும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கணும்.

எப்போது ஆஸ்பத்திரி?

கண் குழி விழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டதும் மெதுவாகப் படிந்தால், ஒன்றுக்குப் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்க முடியாமல் துவண்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வழியிலும் குடிக்க முடிந்தால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் 2 பாக்கெட் இருக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கரைத்துப் பழகுவோம்!