உங்களுக்குத் தெரியுமா? குள்ளமாகிப்போன பனித்தாமரை

கிழக்கு இமயமலையில், 4,000 மீட்டர் உயரத்தையும் தாண்டி, பாறைச் சரிவுகளில் முளைப்பது பனித்தாமரை. சூரியகாந்திக் குடும்பம், குளிருக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதைவிட்டதும் செத்துவிடும். திபெத்திய, சீன மருந்துகளுக்காக இதைப் பறிப்பவர்கள் பெரிய செடியாகப் பார்த்துப் பறிக்கிறார்கள், அதுவும் விதை முற்றுவதற்குள். மிஞ்சி விதைப்பவை குட்டைச் செடிகளே.

இப்படிச் செடியே குள்ளமாகிவருவது அம்பலமானது ஹெர்பேரியத் தாள்களால். செடியை அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் எழுதிவைக்கும் பழைய முறைதான். செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் இருவர் அந்தத் தாள்களில் செடிகளை அளந்து, தேதிவாரியாக ஒப்பிட்டு 2005இல் முடிவை வெளியிட்டார்கள்: ஒரு நூற்றாண்டில் பனித்தாமரையின் உயரம் கணிசமாகக் குறைந்துவிட்டது. அவ்வளவாகப் பறிக்கப்படாத அதன் நெருங்கிய உறவுச் செடியின் தாள்களில் இந்தச் சரிவு இல்லை. ஆகவே குளிரையோ மண்ணையோ மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது!

அதிகம் பறிக்கப்படும் மலைகளைவிட, பறிப்பு குறைந்த இடங்களில் செடிகள் உயரமாகவே நின்றதையும் அந்த ஆய்வு கண்டது.