ஓ.டி.யில் (ஆன் டூட்டி) வண்டி ஓட்டுகிறீர்களா? அனுப்பியவர் யார் என்பது எழுத்தில் இருக்கட்டும்

தனியார் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. துறைத் தலைவர் வராந்தாவில் நின்றபடியே சொல்வார்: "சார், வண்டி இருக்கு இல்ல? ஒரகடம் வரைக்கும் ஒரு எட்டு போய், கம்பெனி ஹெச்.ஆர்.கிட்ட அந்த லெட்டரை வாங்கிட்டு வந்துடுங்க." உதவிப் பேராசிரியர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அனுப்பியது யார், எதற்காக, எத்தனை மணிக்கு என்று ஒரு வரிகூட எழுத்தில் இருக்காது. நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வழியில் அடிபட்டால் எல்லாக் கேள்விகளும் அடிபட்டவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

தண்டலம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. சவீதா, ராஜலட்சுமி போன்ற பெரிய கல்வி வளாகங்கள் இங்கே உள்ளன. மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட், ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே ஒரகடம். கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை ஏற்றிப்போகும் நீள டிரெய்லர்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்கள் ஆகியவற்றுக்கு நடுவில்தான் கல்லூரி ஊழியரின் டூ வீலரும் போகிறது. இன்டர்ன்ஷிப், ப்ளேஸ்மென்ட், இண்டஸ்ட்ரியல் விசிட், விடைத்தாள் திருத்தும் பணி, கோடையில் அட்மிஷனுக்காக ஊர் ஊராகப் போவது என்று கல்லூரியின் வெளிவேலைகள் எல்லாமே சாலையில் நடக்கின்றன.

வேலைக்காக ஓட்டும்போது வரும் ஆபத்தில் வேலை கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் வேலையாகத்தான் போனீர்கள் என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

நஷ்டஈடு நிறுவனத்தின் மேல், வழக்கு ஓட்டியவர் மேல்

ஊழியர் வேலையின் போக்கில் செய்யும் தவறுக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது பழைய சட்டக் கொள்கை. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புஷ்பாபாய் உதேஷி வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனத்தின் மேலாளர் கம்பெனி வேலையாகக் கம்பெனி காரை ஓட்டிப் போனார். தன்னோடு இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டார். கார் மரத்தில் மோதி, ஏறியவர் இறந்துபோனார். வேற்றாளை ஏற்ற மேலாளருக்கு அனுமதி இல்லை என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. கார் கம்பெனி வேலையாகத்தான் ஓடியது என்று சொல்லி, நீதிமன்றம் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது.

குற்ற வழக்கு அப்படிப் போவதில்லை. தாறுமாறாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு; அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. "ஹெச்.ஓ.டி. அவசரப்படுத்தினார்" என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வண்டியை விடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வேகமாகப் போகச் சொன்னவரும் போனில் பேசிக்கொண்டே ஓட்ட வைத்தவரும் உங்களோடு நீதிமன்றத்துக்கு வர மாட்டார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நிர்வாகமும் நேரடியாக மாட்டும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 180ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கோ வண்டிக்குப் பொறுப்பானவருக்கோ 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. டிரைவர் லீவு என்பதால் லேப் அசிஸ்டென்ட்டிடம் சாவியை நீட்டும் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜும் இதில் அடக்கம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வேனை இலகு ரக லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. அந்த எடையைத் தாண்டிய பஸ்ஸை அந்த லைசென்ஸில் தொடக் கூடாது.

யாருடைய வண்டி?

சொந்த வண்டி என்றால், உரிமையாளரே ஓட்டும்போது அடிபடுவதற்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிரீமியம் குறையட்டும் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஓட்டும்போது லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அந்தப் பணம் கிடைக்காது. வழக்கமான தனியார் கார் பாலிசி அலுவலக வேலையாகப் போவதைத் தடுப்பதில்லை. வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது போன்றவற்றைத்தான் தடுக்கிறது. மாணவர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு காரில் கூட்டிப் போனால் அது வாடகைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சக ஊழியரின் வண்டியை இரவல் வாங்குவதில்தான் பலர் அறியாத கண்ணி இருக்கிறது. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார் என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மழையில் சறுக்கித் தானே விழுந்தால், அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் அவர் மூன்றாம் நபராகக் கருதப்பட மாட்டார். பின்னால் உட்கார்ந்து போகிறவர் நிலையும் இதே மாதிரிதான். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, ஓசியில் ஏறிய பில்லியன் பயணிக்குப் பொருந்தாது என்று 2006இல் தீர்ப்பானது. காரில் முழுமையான பேக்கேஜ் பாலிசி இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. நிறுவனக் காரில் போன நிர்வாக இயக்குநர் ஒருவரின் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. நான்கு பேர் ஒரே காரில் போகும்போது "ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியா?" என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

கல்லூரியின் வண்டியில் கதை வேறு. ஆர்.சி. நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் உரிமையாளருக்கான அந்த 15 லட்சக் காப்பீடு அங்கே பொருந்தாது. சம்பள டிரைவருக்கும், வண்டியில் போகிற அல்லது அதை ஓட்டுகிற மற்ற ஊழியர்களுக்கும் தனித்தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பொறுப்புக் காப்பீடு எடுக்கலாம். பாலிசியில் இவை ஐ.எம்.டி. 28, ஐ.எம்.டி. 29 என்று குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கல்லூரி வண்டியின் பாலிசி நகலில் இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றனவா என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வரும் வழியில்

வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்து வேலை விபத்தாகுமா என்பது நெடுநாள் சர்ச்சை. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் ஒரு திருத்தம் வந்தது. வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிரூபணமானால், அது பணியின் போக்கில் நடந்ததாகவே கொள்ளப்படும். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பார்வை பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாலை டூட்டிக்கு பைக்கில் போகும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. 2003இல் நடந்த விபத்துக்கு 2025இல் நியாயம் கிடைத்தது. இந்தப் பழைய சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன.

"என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்"

வெளிவேலைக்கு அனுப்பும் முன் இப்படி எழுதி வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று குடும்பத்தினர் பிறகு வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். ஊழியர் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமே தன் 17ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. வண்டியோடு வேலை செய்யும் டிரைவர், ஹெல்பர், மெக்கானிக், கிளீனர் ஆகியோரை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஒரு மாதத்துக்குள் இழப்பீடு தராவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும் என்று அது சொன்னது. ஆசிரியர்களும் அலுவலர்களும் எந்தச் சட்டத்தின் வழியே போவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யலாம். கையெழுத்துக்குப் பயந்து கேட்காமலே இருந்துவிடக் கூடாது.

அடிபட்டால் அடுத்து என்ன?

முதலில் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லா சிகிச்சை உண்டு. அடிபட்டவரைத் தூக்கிவிட்டவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. ஓட்டியவருக்கோ ஓடிப்போகாமல் உதவும் கடமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் எழுதப்படும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியைக் கவனமாகப் பாருங்கள். பதற்றத்தில் கூட வந்தவர் "தானா விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார், அதுவே பதிவாகிவிடும். லாரி மோதியது என்று பிறகு எஃப்.ஐ.ஆரில் வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, என்ன வேலையாகப் போனார் என்பதைத் தெரிந்தவரே சொல்லட்டும்.

எதிர்வண்டியின் தவறு என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ் மனு செய்யலாம். 6 மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. நீங்கள் குடியிருக்கும் ஊரின் எல்லையிலேயே மனு செய்யலாம். தவறை நிரூபிக்க வழியில்லாதபோது 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். மோதிய வண்டி தெரியாமல் போனால் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. ஒரே விபத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம், ஊழியர் இழப்பீடு இரண்டிலும் கேட்க முடியாது. எதில் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு.

நிர்வாகங்களுக்கு

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம், வேலைக்காகச் சாலையில் ஓட்டுவதையும் பணியிட ஆபத்தாகவே பார்க்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஊழியரின் ஓட்டுநர் பதிவைச் சரிபார்த்த பிறகே சாவி தரப்படும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தத் தொழிற்பேட்டைகளிலேயே பயிற்சி பெறாத ஆளை ஃபோர்க்லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். அந்த ஆலைகளுக்கு மாணவர்களைத் தயார்செய்து அனுப்பும் கல்லூரிகள் தங்கள் ஊழியரிடமும் அதே அக்கறையைக் காட்டலாம். ஒரு பக்க விதி போதும்: லைசென்ஸும் இன்சூரன்ஸும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பு, வெளியே கிளம்பும் முன் ஓ.டி. ஸ்லிப், கல்லூரி வண்டிக்கு டிரிப் ஷீட், ஓட்டும் நேரத்தில் ஊழியரைப் போனில் அழைப்பதில்லை, இரவுப் பயணத்துக்கும் நீண்ட தூரத்துக்கும் டிரைவரோடு வண்டி, ஓட்ட விருப்பமில்லாதவர் மறுத்தால் அது அவர் பணிக்குறிப்பில் ஏறாது.

நிர்வாகம் விதி போடும் வரை ஊழியர் காத்திருக்க வேண்டியதில்லை. ஹெச்.ஓ.டி. வாயால் சொன்னதும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்: "சார், நீங்க சொன்னபடி இன்டர்ன்ஷிப் லெட்டர் வாங்க இப்போ 11 மணிக்கு என் வண்டியில ஒரகடம் கிளம்பறேன்." அதற்கு வரும் ஒரு 'ஓகே' கூட நாளை தீர்ப்பாயத்தில் ஆவணமாகும். இதை அவநம்பிக்கையாக எந்த நல்ல அதிகாரியும் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால், அவருக்காக அந்தச் சாலையில் வண்டியை எடுப்பதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.