முதியோர் பெருகும் கேரளம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் விடியற்காலையில் மூட்டை இறக்குவோரிடையே தமிழ்க்குரல் கேட்கும். அதே நகரின் பெரிய வீடுகள் சிலவற்றில் முதியவர் இருவர் மட்டுமே வாழ்வதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்தம் மக்கள் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பர். இவ்விரு காட்சிகளுக்கும் தொடர்பு உண்டு.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுபது அகவை கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்திலோ 12.6 பேர். 2031இல் இது 20.9 ஆகும் என நடுவணரசின் வல்லுநர் குழு கணித்துள்ளது. அஃதாவது, ஐவருள் ஒருவர் முதியவர். பெண்கல்வி பரவியது, மருத்துவ வசதி பெருகியது, 1980களின் இறுதியிலேயே குடும்பத்திற்கு இரு குழந்தைகள் என்னும் நிலை இங்கு வந்துவிட்டது. மக்கள் நெடுநாள் வாழ்வது ஒரு சமுதாயத்தின் வெற்றி. அதனைச் 'சுமை' என்று மட்டும் எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், கணக்கு ஒன்று இருக்கிறது.

பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் அறுவர் உழைத்து, நாளொன்றுக்கு ஆளுக்கு 500 ரூபாய் ஈட்டுவதாகக் கொள்வோம். மொத்தம் 3,000 ரூபாய், தலைக்கு 300. உழைப்போர் ஐவராகக் குறைந்தால் தலைக்கு 250 ரூபாய்தான் கிடைக்கும். பழைய நிலையை அடைய அவ்வைவரும் ஆளுக்கு 600 ரூபாய் ஈட்ட வேண்டும். அதற்கு நல்ல கல்வியும் கருவிகளும் தேவை. ஆனால், அந்நேரத்தில்தான் ஓய்வூதியத்திற்கும் மருத்துவத்திற்கும் அரசின் செலவு மிகுகின்றது.

கேரளம் அளவிற் சிறியது. கதவுகள் திறந்த பொருளாதாரம் உடையது. அரிசியையும் காய்கறியையும் வெளியிலிருந்து பெறுகிறது. மிளகு, ஏலம், ரப்பர் ஆகியவற்றை அனுப்புகிறது. மக்களின் உழைப்பையும் அனுப்புகிறது. இந்நகரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் இக்குடிபெயர்வை ஆராய்ந்து வருகிறது. 2018ஆம் ஆண்டின் ஆய்வு, வெளிநாடுகளில் ஏறத்தாழ 21 இலட்சம் கேரளத்தவர் இருப்பதாகக் காட்டிற்று. அவர்கள் அனுப்பும் பணத்தால் வீடுகள் எழுகின்றன. ஆனால், அவற்றைக் கட்டும் கைகள் உள்ளூரில் போதவில்லை. முன்பு தமிழர் வந்தனர். பின்னர் வங்காளம், அசாம், ஒடிசா மாநிலத்தவரும் வந்தனர். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 இலட்சம் பேர் என 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கதவு மூடியிருந்தால் கூலி ஏறும். வேலையோ பாதியில் நிற்கும். எனினும், கைகள் வந்த அதே கதவின் வழியாகத்தான் இங்குப் பயின்ற செவிலியரும் பொறியாளரும் வெளியேறுகின்றனர். சிங்கப்பூரும் இவ்வாறே வெளியிலிருந்து வருவோரைக் கொண்டு ஈடுசெய்கிறது. அங்கும் தமிழர் உழைக்கின்றனர்.

இவ்வழி என்றென்றும் திறந்திருக்குமா? தமிழகத்திலும் முதியோர் விழுக்காடு 2031இல் 18.2ஐ எட்டும் என்பது அதே குழுவின் கணிப்பு. அங்குக் கட்டடப் பணியிடங்களில் இப்போது இந்தி கேட்கிறது. திருநெல்வேலியிலோ மதுரையிலோ உங்கள் தாத்தாவும் பாட்டியும் தனித்து வாழ்வராயின், இக்கணக்கின் மறுபக்கத்தில் நிற்பவர்கள் அவர்களே.

பயிற்சி: மேற்கண்ட குடும்பத்தில் நால்வர் மட்டுமே உழைப்பின், தலைக்கு 300 ரூபாய் கிடைக்க ஒவ்வொருவரும் எவ்வளவு ஈட்ட வேண்டும்? உங்கள் குடும்பம் இந்நகருக்கு எப்போது, எத்தொழிலுக்காக வந்தது என்பதை வீட்டாரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.