கச்சான் காலமும் கடற்கரை விடுமுறையும்: அமைதியான கடலை நம்பலாமா?

தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் காலியையும் நனைத்துக் கொண்டிருக்கும் மாதங்கள் திருகோணமலைக்கு விடுமுறைக் காலமாகும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இங்கு மழை அரிது. கடலும் கரையோரத்தில் குளம்போல அடங்கிக் கிடக்கும். பாடசாலை விடுமுறையும் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் இக்காலத்தை ஒட்டியே வருகின்றன. அண்மைய ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாளும் இவற்றோடு சேர்ந்து கொண்டது. 2023ஆம் ஆண்டில் ஜூன் மாத இறுதியிலும் 2025ஆம் ஆண்டில் ஜூன் முதல் வாரத்திலும் அப்பெருநாள் கொண்டாடப்பட்டது. கிண்ணியா, மூதூர் மக்களும் கண்டி, குருநாகல், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எனப் பல பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினரும் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் ஒன்றுகூடுகின்றனர்.

நீண்ட யுத்தத்தையும் 2004ஆம் ஆண்டின் சுனாமியையும் கண்ட ஒரு கரையில் பிள்ளைகளின் சிரிப்பொலி கேட்பது மனநிறைவுக்குரிய விடயமே. அந்த மகிழ்ச்சிக்குத் தடை போடுவது எமது நோக்கமன்று. ஆயினும், இக்காலத்தில் கடல் காட்டும் அமைதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கடலை அமைதியாக வைத்திருக்கும் அதே காற்றுத்தான் ஆபத்தையும் கொண்டு வருகின்றது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தனது மழையைக் கொட்டிவிடுகின்றது. மலையைக் கடந்து கீழிறங்கும்போது அது வரண்ட, வெப்பமான காற்றாக மாறுகின்றது. இதனையே எமது மக்கள் கச்சான் என்கின்றனர். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. காற்று அலையை எழுப்புவதற்கு நீர்ப்பரப்பில் சிறிது தூரம் ஓட வேண்டும். அதனாற்றான் கரையோரம் கண்ணாடிபோலத் தெரிகின்றது. தூரம் செல்லச் செல்ல அலைகள் வளர்கின்றன. கரையில் நிற்பவருக்கு அந்த அலைகளின் முதுகு மட்டுமே தெரிவதால் அவற்றின் உயரம் புலப்படுவதில்லை.

காற்றடைத்த டியூபிலோ மிதவை மெத்தையிலோ பிள்ளை ஒன்றை ஏற்றிவிட்டுப் பெற்றோர் கரையில் உணவு பரிமாறிக் கொண்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். அந்த மிதவைக்குக் கச்சான் பாய்மரக் காற்றாகிவிடும். சில நிமிடங்களில் அது ஆழ்கடலை நோக்கி நகர்ந்துவிடும். அதனைப் பிடிக்க நீந்திச் செல்பவர், திரும்பும்போது காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து வர வேண்டியிருக்கும். பந்தைத் துரத்திச் செல்லும் சிறுவனின் நிலையும் இதுவே. ஆதலால் கச்சான் வீசும் நாட்களில் காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டு செல்லாதிருப்பதே மேலானது. அடித்துச் செல்லப்படும் பந்தையோ செருப்பையோ பின்தொடரக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.

ஆழம் பற்றியும் எச்சரிக்கை தேவை. திருகோணமலைத் துறைமுகம் உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் அதன் இயற்கையான ஆழமேயாகும். அதனை அண்டிய சில இடங்களில் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடலடி சடுதியாகச் சரிந்துவிடும். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவில் நீர் கலங்கியிருக்கும் வேளைகளில் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. எமது பெண்கள் பெரும்பாலும் சேலையுடனோ அபாயாவுடனோ கடலில் இறங்குவர். நனைந்த துணி காலைச் சுற்றி அசைவைத் தடுக்கும் என்பதால், முழங்காலளவு நீரைத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பானது.

நீரில் மூழ்குபவர் கூச்சலிட்டு உதவி கேட்பார் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் மூச்சுக்காகப் போராடுபவருக்குக் குரல் எழுப்ப அவகாசம் கிடைப்பதில்லை. பத்துப் பேர் சூழ்ந்திருக்கும்போதே ஒரு பிள்ளை சத்தமின்றி மறைந்துவிடக் கூடும். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் கணிசமானோர் சிறார்களாவர். எல்லோரும் பார்த்துக் கொள்வார்கள் என்று விடப்படும் பிள்ளையை எவருமே பார்ப்பதில்லை. பெரியவர்கள் முறை வைத்து, ஒரு வேளைக்கு ஒருவர் எனக் கைத்தொலைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடலை மட்டுமே கவனித்திருப்பது எளிய, செலவில்லாத ஏற்பாடாகும்.

ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் உடனே குதித்துவிடக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் மடிந்த துயரங்கள் பலவாகும். கயிறு, மூடிய வெற்று பிளாஸ்டிக் கான் என மிதக்கக்கூடிய எதையேனும் வீசி, உயிர்காப்பு ஊழியரையும் அருகிலுள்ள மீனவரையும் அழைப்பதே முறையாகும். கரை சேர்க்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் தீங்கானவை. அவர் மூச்சு விடவில்லையெனில் வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுப்பதும் மார்பை அழுத்துவதும் தாமதமின்றி ஆரம்பிக்கப்பட வேண்டும். அதே வேளை மற்றொருவர் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

படகுப் பயணத்தில் நாம் கற்க வேண்டிய பாடத்தைக் கிண்ணியா பெரும் விலை கொடுத்துத் தந்துள்ளது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் பாலம் நிர்மாணிக்கப்பட்டு வந்த வேளையில் மாற்றுவழியாகப் பயன்படுத்தப்பட்ட மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைச் சிறார் உட்பட குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தனர். அது விடுமுறைப் பயணமன்று. காலை வேளையில் பாடசாலை செல்லும் பயணம். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலும் நீர் உயிரைப் பறிக்கும் என்பதை அந்நாள் உணர்த்திற்று. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாத்தீவுக்குச் செல்வோர் இதனை மறத்தலாகாது. பிள்ளைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறக் கூடாது. ஆசனங்களை விட அதிகமானோரை ஏற்றும் படகிலிருந்து இறங்கிவிடுவதில் வெட்கமில்லை. கட்டணத்தைப் பேரம் பேசும் நாம் அங்கிக்காகவும் பேச வேண்டாமா?

வெயிலும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. வரண்ட கச்சானில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் இழக்கும் நீரின் அளவு எமக்குத் தெரிவதில்லை. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணிக்கப்படும் வெப்பச் சுட்டெண்ணை வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்து வருகின்றது. அது 41 பாகை செல்சியஸைத் தாண்டுவது அபாய நிலையாகும். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழலில் இருப்பதும், தாகம் எடுக்குமுன்னரே நீர், இளநீர், மோர் அருந்துவதும் நன்று. நிறுத்திய வாகனத்தினுள் பிள்ளைகளையோ முதியோரையோ சில நிமிடங்களேனும் விட்டுச் செல்லலாகாது. வெயிலில் ஒருவருக்கு உடல் கொதித்து நினைவு தடுமாறினால் அது மரணத்தில் முடியக்கூடிய வெப்பத் தாக்கமாகும். அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலில் நீரூற்றி விசிறியபடியே அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவருக்கு எதையும் பருகக் கொடுக்கக் கூடாது.

விருந்தின்றி விடுமுறை இல்லை. அதிகாலையில் சமைத்து வேனில் ஏற்றிய புரியாணியை நண்பகல் தாண்டி ஸஹனில் வைத்து உண்பதும், கட்டுச்சோற்றை மாலை வரை வைத்திருப்பதும் வழக்கமாகிவிட்டன. 32 பாகையைக் கடந்த வெப்பத்தில் சமைத்த உணவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருப்பது பாதுகாப்பானதன்று. சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. வெயிலில் கிடந்த சூரை மீனும் அவ்வாறானதே. அதில் உருவாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் நீங்காது. முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி என்பவற்றை ஏற்படுத்தும். குர்பான் இறைச்சியைப் பங்கிட்டதும் தாமதமின்றிக் குளிரூட்டியில் வைப்பதோ சமைப்பதோ அவசியமாகும். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிக் கரைசல் கைகொடுக்கும். பயணப் பையில் அதில் இரண்டு பக்கற்றுகள் இருப்பது நன்று.

இறுதியாக, வீடு திரும்பும் பயணம். பகல் முழுவதும் கடலாடிய சாரதி இரவில் ஹபரணை வழியாக வாகனம் செலுத்துவது ஆபத்தானது. கந்தளாய், ஹபரணைப் பகுதிகளில் காட்டு யானைகள் இருளில் வீதியைக் கடப்பதுண்டு. சாரதிக்கு நண்பகலில் உறங்க இடமளிப்பது முழுக் குடும்பத்தினதும் கடமையாகும்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. ஒரு கயிறு, ஓர் அங்கி, ஒரு போத்தல் நீர், விழித்திருக்கும் ஒரு சோடிக் கண்கள் ஆகியவையே தேவை. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஐந்து நிமிடங்களை இதற்கென ஒதுக்கினால் இச்செய்தி வீடுதோறும் சென்றடையும். வேனில் ஏறிய அத்தனை பேரும் அதே வேனில் வீடு திரும்புவதே விடுமுறையின் நிறைவாகும்.