தண்ணீர் இருக்கு... கரை எங்கே? புள்ளி மூக்கு வாத்து சொல்லும் ஏரிக் கதை!

கடந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கோரைப் புதருக்குள்ளிருந்து ஒரு வாத்து மெல்லத் தண்ணீரில் இறங்கியது. அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாகக் குஞ்சுகள். மொத்தம் ஒன்பது!

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், ``யாராவது வளர்க்கிற வாத்தா தாத்தா?'' என்று கேட்டேன்.

``யாரோட வாத்தும் இல்லம்மா. இது ஏரியோட வாத்து'' என்றார்.

அந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வாராவாரம் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனேன். ஒரு வாத்துக்கு ஏரி என்றால் என்ன என்பது அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

எப்படி அடையாளம் காண்பது?

அதன் பெயர் புள்ளி மூக்கு வாத்து. இந்தியா முழுக்க நன்னீர் ஏரி, குளங்களில் இருக்கிறது. இலங்கையிலும் உண்டு. நம் ஊர் ஏரிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பலும் பழுப்புமாகச் சாதாரணமாகத் தெரியும். அதனால் `ஏதோ வாத்து' என்று கடந்து போயிருப்போம்.

அடுத்த முறை அலகைப் பாருங்கள். கறுப்பு அலகின் நுனியை மட்டும் மஞ்சள் பெயின்டில் தோய்த்து எடுத்ததுபோல இருக்கும். அலகு முகத்தோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளி. பெயருக்குக் காரணம் இந்தப் புள்ளிதான். ஆணுக்கு இது பளிச்சென்று தெரியும். பெண்ணுக்கு மங்கலாக இருக்கும், அல்லது தெரியவே தெரியாது.

உடல் முழுக்க மீன் செதில் போன்ற வடிவங்கள். கால்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பு. இறக்கையை விரித்தால் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே பச்சைப் பட்டை மின்னும். நீளம் சுமார் 60 செ.மீ. எடை ஒன்றரை கிலோ வரை இருக்கலாம். நம் ஏரிகளில் நீந்தும் வாத்துகளில் பெரிய உருவம் கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

பண்ணைகளில் வளர்க்கப்படும் பெரும்பாலான வாத்துகளின் மூதாதை, பச்சைத் தலை கொண்ட `மல்லார்டு' என்ற காட்டு வாத்து. புள்ளி மூக்கு வாத்து அந்த மல்லார்டின் நெருங்கிய உறவு. குரல்கூட ஏறக்குறைய ஒன்றுதான். உரக்க `குவாக்... குவாக்...' என்று கத்துவது பெண். ஆணின் குரல் கரகரப்பாக, அடங்கித்தான் ஒலிக்கும்.

தலைகீழ் சாப்பாடு

வாத்துகளில் முக்குளித்து இரை தேடுபவை உண்டு. மேலோட்டமாகத் தேடுபவையும் உண்டு. நம் ஆள் இரண்டாவது ரகம். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, கால்களை உதைத்தபடி நிற்கும். கழுத்து எட்டும் ஆழத்தில் இருக்கும் விதை, புல், நீர்த்தாவரங்கள்தான் முக்கிய உணவு. கூடவே கொஞ்சம் பூச்சி, நத்தை.

அலகின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற வரிசை இருக்கிறது. சேறும் தண்ணீரும் அதன் வழியே வெளியேற, விதைகள் உள்ளே தங்கிவிடும். வீட்டில் அரிசி களையும்போது வடிகட்டி செய்யும் அதே வேலை!

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கழுத்து எட்டும் ஆழம்வரைதான் சாப்பாடு. ஏரியின் நடுவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், இந்த வாத்துக்குச் சோறு போடுவது ஆழம் குறைந்த ஓரப்பகுதிதான்.

வலசை போகாத உள்ளூர்வாசி

குளிர்காலம் வந்தால் பறவை ஆர்வலர்களின் கேமராக்கள் வெளிநாட்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பிவிடும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை வடக்கிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றன. இமயமலையைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்து, திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரை வருகிறது.

புள்ளி மூக்கு வாத்து அப்படி நெடுந்தூரம் போவதில்லை. ஓர் ஏரி வற்றினால் தண்ணீர் இருக்கும் அடுத்த ஏரியைத் தேடிப் பறக்கும், அவ்வளவுதான். பிறப்பு, ஜோடி சேர்வது, குஞ்சு பொரிப்பது, சாவு என எல்லாமே நம் ஊர்த் தண்ணீரில்தான்.

வலசைப் பறவைக்கு நம் ஏரி சில மாதத் தங்குமிடம். இதற்கோ அதுதான் நிரந்தர முகவரி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. பாசனத்துக்காக முன்னோர் வெட்டிய அந்த நீர்நிலைகள்தான் இந்த வாத்தின் உலகம்.

கரையில் ஒரு தொட்டில்

வாத்து தண்ணீர்ப் பறவை. ஆனால், அது முட்டையிடுவது தரையில். பலருக்கும் தெரியாத விஷயம் இது.

மழையை ஒட்டித்தான் இதன் இனப்பெருக்கம். வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழைக் காலம். நம் பக்கம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டிய மாதங்களும். தண்ணீருக்குப் பக்கத்தில் கோரையும் புல்லும் அடர்ந்த இடமாகப் பார்த்து, தரையில் குழிவாக ஒரு கூடு அமைக்கும். காய்ந்த புல்லைப் பரப்பி, தன் நெஞ்சிலிருந்தே மென்தூவிகளைப் பிடுங்கி மெத்தைபோல வைக்கும்.

8 முதல் 14 முட்டைகள்வரை இடும். இங்கே ஒரு சாமர்த்தியம். கடைசி முட்டையை இட்ட பிறகுதான் அடைகாக்க உட்காரும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் பல நாள் இடைவெளி இருந்தாலும், எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரியும். அடைகாப்பது பெண் மட்டும்தான். சுமார் 24 நாள்கள். அதன் பழுப்பு நிறமும் செதில் வடிவங்களும் எதற்கென்று அப்போது தெரியும். கோரைக்குள் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்பது... ஆறு... நான்கு...

கறுப்பும் மஞ்சளுமாகப் பஞ்சு உருண்டைபோலப் பிறக்கும் குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டிவிடுவதில்லை. பிறந்து ஒரு நாள் ஆவதற்குள் தாயின் பின்னால் நடந்து தண்ணீரில் இறங்கிவிடும். தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும். பெரிய வாத்துகள் பெரும்பாலும் சைவம் என்றாலும், வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டுமே... அதனால் பூச்சிகளைத் துரத்தித் துரத்திப் பிடிக்கும்.

அம்மாவை எப்படி அடையாளம் தெரிகிறது? ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லாரன்ஸ் வாத்துகளையும் அவற்றின் உறவான பெருவாத்துகளையும் வளர்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். பொரித்த சில மணி நேரங்களில் கண்ணில் படும், அசையும் உருவத்தைக் குஞ்சுகள் தாயாக மனதில் பதித்துக்கொள்கின்றன. அவர் வளர்த்த குஞ்சுகள் அவரையே அம்மாவாக நினைத்துப் பின்னால் ஓடின! விலங்குகளின் நடத்தை குறித்த ஆய்வுகளுக்காக 1973-ம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

ஆனால், தாய் கூடவே இருந்தாலும் ஆபத்துகள் அதிகம். வானத்தில் பருந்து, காகம். கரையில் கீரி, பாம்பு, தெருநாய். தண்ணீருக்கடியில் பெரிய விரால் மீன்.

நான் பார்த்த ஒன்பது குஞ்சுகள் அடுத்த ஞாயிறு ஆறாகியிருந்தன. அதற்கடுத்த வாரம் நான்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாத்தாதான் சமாதானம் சொன்னார். ``எல்லாம் பொழைச்சா ஏரி தாங்குமாம்மா? நாலு இருக்கே, அதைப் பாரு.''

அவர் சொன்னதுதான் இயற்கையின் கணக்கு. இத்தனை முட்டைகள் இடுவதே, சில தப்பிப் பிழைக்கட்டும் என்றுதான். குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை அவற்றுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, ஓடி ஒளிய ஒரு புதர்.

பெரிய வாத்துக்கும் வேண்டும் புதர்

குஞ்சுகளுக்கு மட்டுமல்ல, வளர்ந்த வாத்துக்கும் ஒளிய இடம் தேவை. பெரும்பாலான பறவைகள் இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதுப்பிக்கும். வாத்துகள் அப்படியல்ல. இனப்பெருக்கம் முடிந்ததும் பறப்பதற்கான இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும். புதியவை முளைக்கும்வரை சில வாரங்கள் பறக்கவே முடியாது. நாய் துரத்தினாலும், வலை வீசினாலும், புதருக்குள் புகுவதைத் தவிர வேறு வழியில்லை.

தூக்கத்தில்கூட எச்சரிக்கைதான். மல்லார்டு வாத்துகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. கூட்டத்தின் ஓரத்தில் தூங்கும் வாத்து ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறது. அதுவும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கும் கண்ணை. மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி காவல் காக்கிறது!

வாத்தால் ஏரிக்கு என்ன லாபம்?

வாத்து தின்னும் விதைகளில் ஒரு பகுதி செரிக்காமல் எச்சத்தோடு வெளியேறி இன்னோர் ஏரியில் முளைக்கிறது. சேற்றோடு காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு போகும் விதைகளும் உண்டு. ஏரி விட்டு ஏரி தாவரங்கள் பரவ இது ஒரு வழி.

மீன்கூட இப்படிப் பயணம் செய்ய வாய்ப்பிருக்கிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹங்கேரி விஞ்ஞானிகள் மல்லார்டு வாத்துகளுக்குக் கெண்டை வகை மீன்களின் முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகச் சிலவே என்றாலும், எச்சத்தில் உயிரோடு வெளிவந்த முட்டைகள் இருந்தன. அவற்றில் சில பொரிக்கவும் செய்தன. `யாரும் விடாத குளத்தில் மீன் எப்படி வந்தது?' என்ற கேள்விக்கு ஒரு விடை இது.

பறவை எச்சம் நல்ல உரம் என்பது நம் விவசாயிகளுக்குப் புதிதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்ததற்கு அந்த ஏரித் தண்ணீரின் வளம் முக்கியக் காரணம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியிலோ, வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை.

அழகுபடுத்தும்போது காணாமல்போவது

புள்ளி மூக்கு வாத்து அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இல்லை. `இதுதான் நிறைய இருக்கே' என்ற நினைப்பில்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம்.

எங்கள் ஏரியில் சமீபத்தில் சீரமைப்பு வேலை நடந்தது. குப்பையை அள்ளினார்கள், ஆகாயத்தாமரையை அகற்றினார்கள். நல்ல விஷயம். கூடவே கரையோரக் கோரையையும் மொத்தமாக வழித்தெடுத்து, செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதை போட்டார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. தண்ணீரும் நிறைய நிற்கிறது. ஆனால், அம்மா வாத்து கூடு கட்டிய அந்தச் சரிவு இப்போது இல்லை.

கோழிக்குஞ்சு அளவுள்ள ஒரு வாத்துக்குஞ்சால் செங்குத்தான சுவரில் ஏற முடியாது. தண்ணீரிலேயே கிடந்தால் குளிரில் விறைத்துவிடும். கரையேறித் தாயின் இறக்கைக்குள் ஒடுங்கினால்தான் உடல் சூடாகும். சுவர் எழுப்பிய ஏரியில் தண்ணீர் இருக்கும், ஓரம் இருக்காது. முன்பே பார்த்தோமே... இந்த வாத்தின் சாப்பாடு, கூடு, ஒளிவிடம் மூன்றுமே அந்த ஓரத்தில்தான்.

நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அதில்தான் நடக்கிறேன். ஆனால், ஏரியின் ஒரு பக்கத்தையாவது சரிவான மண்கரையாக, கோரையும் புல்லுமாக விட்டுவைக்கலாமே?

நீங்கள் என்ன செய்யலாம்?

* வாத்துகளுக்கு பிரெட், பிஸ்கட் போடாதீர்கள். அவற்றில் சத்து இல்லை. மிச்சம் அழுகித் தண்ணீரும் கெடும்.

* குஞ்சுகள் தனியாகத் தெரிந்தால் உடனே தூக்கி வராதீர்கள். தாய் பக்கத்துப் புதரில் இருக்கலாம். விலகி நின்று கவனியுங்கள்.

* மழைக்காலத்தில் கரைப் புதர்களுக்குள் நுழைந்து செல்ஃபி, வீடியோ எடுக்க வேண்டாம். தாய் பயந்து எழுந்தால் முட்டைகள் காகத்துக்கு இரையாகும்.

* காட்டு வாத்துகளை வேட்டையாடுவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

* பொங்கல் விடுமுறையில் ஆண்டுதோறும் `பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. கையில் போனும் அதில் `இ-பேர்டு' ஆப்பும் இருந்தால் போதும். உங்கள் ஏரி வாத்துகளையும் கணக்கில் சேர்க்கலாம்.

* உங்கள் ஏரியில் சீரமைப்பு நடந்தால், `கரையில் கொஞ்சம் கோரையை விடுங்கள்' என்று கேளுங்கள். மனுவாக எழுதிக் கொடுங்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, அந்த நான்கு குஞ்சுகளும் தாயோடு எழுந்து பறந்ததைப் பார்த்தேன். இவ்வகை வாத்துகள் ஓடி வேகமெடுக்கத் தேவையில்லை. தண்ணீரிலிருந்து அப்படியே மேலே எழும்பிவிடும். அலகு நுனி மஞ்சள், இறக்கையில் பச்சை மின்னல். எது தாய், எது பிள்ளை என்றே தெரியவில்லை.

இந்த ஆண்டு அடைமழைக் காலத்தில் மறுபடியும் ஒரு ஜோடி வரும். கல் பதிக்காமல் மிச்சமிருக்கும் மதகுப் பக்கத்து மூலையில், பத்தடி அகலத்துக்குக் கோரை நிற்கிறது. அந்தப் பத்தடியையாவது விட்டுவையுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். தாத்தா முதல் கையெழுத்துப் போட்டார்.

அது ஏரியோட வாத்து இல்லையா!